கறையான் இல்லாத நாடு

லண்டனில் கறையான் கிடையாது. குளிர் அதற்கு ஒத்துவராது. இதை நான் பலருக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். சொன்னதில் பிழையில்லை. அந்தச் சரியான வசனத்தை வைத்துக்கொண்டு என் மனைவிக்கு நான் செய்ததைத்தான் இங்கே எழுதப்போகிறேன். வயது போய்விட்டது, எழுதக் களைப்பாகவும் இருக்கிறது. ஆனாலும் ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் நான் விலங்கியல் படிப்பித்தவன். கறையான் பாடம் எனக்குப் பிடித்த பாடம். அரசன், அரசி, வேலைக்காரர், படைவீரர் என்று கரும்பலகையில் வண்ணச் சோக்கட்டியால் வரைவேன். அயலில் யாருடைய வீட்டில் கதவு நிலை உள்ளே பொக்காகிப் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் போய்ச் சுவரில் ஏறும் மண் வரியை ஓரிடத்தில் நகத்தால் உடைத்துக் காட்டுவேன். கறையான் வெளிச்சத்தில் நடக்காது, மண்ணால் குழாய் கட்டி அதற்குள்ளே ஏறும், உடைத்த இடத்தை நாளைக்குத் திருத்திக் கட்டியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம் என்பேன். மரத்தைத் தட்டிப் பாருங்கள், சத்தம் மாறினால் உள்ளே வெறுமை. மழை விட்ட பின் யன்னலடியில் சிறகுகள் உதிர்ந்து கிடந்தால் பக்கத்தில் எங்கோ புற்று. தடுக்க வேண்டுமென்றால் மரம் மண்ணைத் தொடக்கூடாது, ஈரம் தங்கக்கூடாது, காற்று ஓடவேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பிள்ளைகளை எழுந்து நின்று சொல்லச் செய்வேன். காற்று ஓடவேண்டும்.

எண்பதுகளில் நாங்கள் லண்டனுக்கு வந்து, முதலில் ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்து இருந்து, பிறகு மனோர் பார்க்கில் ஒரு வீடு வாங்கினோம். இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டுக்காரருடையதாக, வரிசையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் பழைய செங்கல் வீடு. நான் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்தேன். மனைவி வீட்டிலிருந்து ஒரு தொழிற்சாலைக்குச் சட்டைக் கொலர் தைத்துக் கொடுத்தாள். மகள் பள்ளிக்கூடம் போனாள். அந்த வீட்டின் மேல் மனைவிக்கு இருந்த ஆசையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஊரில் எங்களுக்கென்று வீடு இருக்கவில்லை. கலியாணம் முடித்த நாள் முதல் வாடகை வீடுகள்தான். அவளுடையது என்று அவள் சொல்லிக்கொண்ட முதல் வீடு அது. வெள்ளிக்கிழமைகளில் வீடு கழுவுவதற்கென்றே அவள் ஒரு பழைய சேலை வைத்திருந்தாள்.

இங்கேதான் எங்களைப் போன்றவர்கள் மட்டும் விடக்கூடிய பிழை வருகிறது. எங்களுக்கு நிலம் என்றால் சீமெந்து நிலம். வாளியால் தண்ணீர் ஊற்றித் தும்புத்தடியால் தள்ளினால் பின்வாசலால் ஓடிவிடும், வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். லண்டனில் அந்தக் காலத்து வீடுகளின் நிலம் மரப்பலகை. பலகைக்குக் கீழே மரச்சட்டங்கள், சட்டங்களுக்குக் கீழே ஒரு இருட்டு வெளி, அதற்கும் கீழேதான் மண். நாங்கள் ஒரு பெட்டியின் மூடிமேல் குடியிருந்தோம். அது எங்களுக்குத் தெரியாது. மேலே லினோலியம் விரித்திருந்ததால் நிலம் நிலமாகத்தான் தெரிந்தது.

முதல் குளிர்காலத்தில் கால்மாட்டால் காற்று வந்தது. குசினியில் சமைக்க நின்றால் கணுக்கால் விறைத்தது. நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். முன்சுவரிலும் பின்சுவரிலும் நிலத்தோடு ஒட்டிச் சில செங்கற்களில் சின்னச் சின்னத் துளைகள். கையை வைத்தால் குளிர்காற்று உள்ளே இழுபட்டது. பழைய பத்திரிகைகளைச் சுருட்டித் துளைகளுக்குள் திணித்து, மேலே சீமெந்து பூசினேன். மனைவி குழைத்த சீமெந்தை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, கட்டினவன் ஏன் ஓட்டை விட்டவன்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் இல்லை. அந்தக் காலத்தில் வீட்டுக்குள் நிலக்கரி எரித்தவர்கள், புகை போவதற்கு விட்டிருப்பார்கள், இப்போது தேவையில்லை என்றேன். புகை நிலத்துக்குக் கீழால் போகுமா என்று அவள் கேட்கவில்லை. அன்று மாலை கால் விறைக்கவில்லை என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம்.

சாமிக்கு மேல்மாடிப் படிக்குக் கீழே இருந்த அலுமாரிதான் கிடைத்தது. லண்டனில் எங்கள் ஆட்கள் அநேகர் வீட்டில் அப்படித்தான். ஆங்கிலேயன் தும்புத்தடியும் பழைய சப்பாத்தும் வைத்த இடத்தில் நாங்கள் முருகனை வைத்தோம். மனைவி உள்ளே ஒரு தட்டு அடித்து, படங்களை நிறுத்தி, வெள்ளிக்கிழமைகளில் வீடு கழுவி முடித்த கையோடு விளக்கேற்றுவாள். கர்ப்பூரமும் சாம்பிராணியும் மணக்கும். அந்த மணத்துக்குப் பின்னால் வேறொரு மணமும் இருந்ததை முதலில் அவள்தான் சொன்னாள். நனைந்த சாக்கு மணக்கிறது என்றாள். ஊதுபத்திப் பெட்டி நமத்துப் போயிருக்கும் என்றேன்.

ஒரு காலையில் அவள் என்னைக் கூப்பிட்டு அலுமாரிக்குள் காட்டினாள். தட்டின் மேலும், படங்களின் சட்டத்தின் மேலும், மெல்லிய செம்பழுப்புத் தூள் படிந்திருந்தது. ஊர்ச் செம்மண்ணைச் சலித்துத் தூவியதைப் போல.

"கறையான் மண் மாதிரிக் கிடக்கு. பாருங்கோ."

நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப் பார்த்தேன். குங்குமம் சிந்தியிருக்கிறது என்றேன்.

"குங்குமம் எனக்குத் தெரியாதே? நேற்றும் துடைச்சனான். திரும்பவும் வந்திருக்கு."

அப்போது நான் வகுப்பெடுத்தேன். கறையான் எந்த வெப்பத்தில் வாழும், எதில் வாழாது, இந்த நாட்டில் ஏன் இல்லை, குழாய் எங்கே, சிறகு எங்கே என்று வரிசையாகக் கேட்டேன். அவள் பத்தாம் வகுப்போடு நின்றவள். தூள் துடைத்த துணியை மடித்துக்கொண்டு நின்றாள். அவள் சொன்னதில் பெயர் மட்டும்தான் பிழை. ஏதோ ஒன்று வீட்டைத் தின்றுகொண்டிருந்தது என்பதில் பிழையில்லை. நான் பெயரைத் திருத்தினேன், பொருளை விட்டுவிட்டேன். படிப்பித்தவர்களுக்கு அந்த வியாதி உண்டு.

பிறகு சுவரடி மரச்சட்டத்தில் வர்ணம் சதுரம் சதுரமாக வெடித்தது, வற்றிய குளத்துச் சேறு வெடிப்பதைப்போல. அவள் பெருவிரலால் அமர்த்தினாள், விரல் உள்ளே போனது. அலுமாரியின் பின் மூலையில் சாம்பல் நிறத்தில் சிலந்தி வலையுமில்லாத பஞ்சுமில்லாத ஏதோ ஒன்று படர்ந்தது. ஒவ்வொன்றையும் அவள் என்னிடம் கொண்டுவந்தாள். கவுன்சிலில் யாரையாவது கேட்டுப் பாருங்கோ என்றாள். எதைப்பற்றிக் கேட்பது, இல்லாத கறையானைப் பற்றியா என்றேன்.

ஞாயிறுகளில் சிநேகிதர்கள் வருவார்கள். அவர்களில் ஒருவர் பெரிய பகிடிக்காரர். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். லண்டனில் பஸ் ஓட்டினார். என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவார். ஒரு ஞாயிறு தேநீர் குடிக்கும்போது நான் கறையான் கதையை எடுத்துவிட்டேன். மனைவி வடைத் தட்டோடு வந்தாள்.

"அக்கா," என்றார் அவர், "உங்கட கறையான் விசா எடுத்து வந்ததோ, இல்லாட்டி அகதியாய் வந்து இறங்கினதோ?"

எல்லோரும் சிரித்தோம். மற்றவர் ஒருவர், அது இப்போது அரசாங்கத்தின் பெனிபிட் காசும் எடுக்குமாம் என்றார். பகிடிக்காரர் விடவில்லை. அப்படியென்றால் அது வேலை செய்யக்கூடாதல்லவா, பிறகேன் மரம் அரிக்கிறது என்றார். எல்லோரிலும் உரத்துச் சிரித்தவன் நான்தான். அவளும் சிரித்தாள், தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அந்த வட்டத்தில் அவளுக்குக் கறையான் அக்கா என்று பெயர். கோயிலில் கண்டாலும் அதைத்தான் கேட்டார்கள்: அக்கா, கறையான் சுகமோ? அவள் தூளைப்பற்றி என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் ஷிப்ட் முடிந்து வந்து கதிரையில் இருந்தேன். அவள் கழுவி முடித்து, அலுமாரிக்கு முன்னால் விளக்கோடு நின்றாள். பாக்கு வெட்டியதைப்போல ஒரு சத்தம் கேட்டது, பெரிதாக இல்லை. திரும்பிப் பார்த்தால் அவளுடைய ஒரு கால் முழங்கால் வரைக்கும் நிலத்துக்குள் போயிருந்தது. மற்றக் கால் மடங்கிக் கிடந்தது. கையில் விளக்கை மட்டும் நேராகப் பிடித்திருந்தாள். எண்ணெய் சிந்தவில்லை, திரியும் அணையவில்லை.

"விளக்கை வாங்குங்கோ," என்றாள்.

வாங்கி வைத்துவிட்டுத்தான் அவளைத் தூக்கினேன். காலின் முன்னெலும்பில் தோல் உரிந்திருந்தது, முழங்கால் வீங்கியது. ஓட்டைக்குள் இருந்து அந்த நனைந்த சாக்கு மணம் அடித்தது. உடைந்த பலகையை எடுத்துப் பார்த்தேன். ஊறின பாண் துண்டைப் பிய்ப்பது போலக் கையோடு வந்தது. அப்போதும் அவள், நான் சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், பிறகு நடந்ததற்கு ஒரு சாட்டாவது இருந்திருக்கும்.

மர வேலை பார்க்கும் ஒரு கொம்பனியிலிருந்து வெள்ளைக்காரன் ஒருவன் வந்தான். அவசரக்காரன். சீட்டியடித்துக்கொண்டே பலகைகளை உயர்த்தினான். குப்புறப் படுத்து ரோச் லைட்டை உள்ளே அடித்துப் பார்த்தான். பிறகு வெளியே போய் முன்சுவரையும் பின்சுவரையும் பார்த்தான். மகள் பள்ளிக்கூடத்தில். மனைவிக்கு ஆங்கிலம் குறைவு, காலுக்குத் துணி சுற்றிக் குசினி வாசலில் கதிரையில் இருந்தாள். அவன் என்னிடம்தான் சொன்னான்.

அவன் சொன்னது இதுதான். பூச்சி அல்ல, ஒரு வகைக் காளான். ஆங்கிலத்தில் ட்ரை ரொட், உலர்ந்த உழுப்பு, என்பார்கள். ஈரத்தால் வருவதற்கு உலர்ந்த என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மரத்துக்குள் நூல்நூலாக ஓடும், செங்கல்லையும் ஊடுருவிப் போகும். முற்றினால் ஒரு தட்டை மாதிரி விரிந்து செம்பழுப்புத் தூளைக் கொட்டும், அதுதான் அதன் வித்து. பின்பக்க மழைநீர்க் குழாய் வெடித்துச் சுவர் நனைந்திருக்கிறது. அது மட்டும் என்றால் இவ்வளவுக்கு வந்திராது, நிலத்துக்குக் கீழே காற்று ஓடினால் காய்ந்திருக்கும். யாரோ ஒரு முட்டாள் காற்றுக்கென்று துளை விட்ட செங்கற்களை, காற்றுச் செங்கற்களை, எல்லாம் சீமெந்தால் அடைத்து வைத்திருக்கிறான். வீட்டுக்கு மூச்சு விட வழியில்லை. நான் நிலம் கழுவும் தண்ணீரைப்பற்றிக் கேட்டேன். அவன் தோளைக் குலுக்கினான். நல்லதில்லைதான், ஆனால் அதெல்லாம் கணக்கிலேயே இல்லை என்றான். அந்த முட்டாள் யார் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பேச்சில் தண்ணீர் என்ற சொல் பல தடவை வந்தது. அந்த ஆங்கிலச் சொல் அவளுக்குத் தெரியும்.

"தண்ணி எண்டவன்," என்றாள். "என்னவாம்?"

நான் யோசித்துச் செய்யவில்லை. ஆனால் யோசிப்பதற்கு நேரம் இருந்தது. அவன் பெட்டியை மூடிக்கொண்டிருந்தான். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீர் கிழமைக் கிழமை ஊத்திக் கழுவின தண்ணிதானாம். பலகை உழுத்துப் போச்சாம்."

அவள் தன்னுடைய கைகளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப கறையான் இல்லையோ?"

"இல்லை. காளான்."

"காளானோ," என்றாள். பிறகு மெதுவாக, "நான்தானோ செய்தது" என்றாள். நான் ஓம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெள்ளைக்காரனை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன்.

வேலையாட்கள் வந்து முன்னறையிலிருந்து குசினி வரைக்கும் பலகைகளை வெட்டி எடுத்தார்கள். நல்லதாகத் தெரிந்த மரத்தையும் கொஞ்சத் தூரம் சேர்த்து வெட்டினார்கள், நூல் எங்கே வரைக்கும் ஓடியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாதாம். சுவருக்கு மருந்து அடித்தார்கள், வெடித்த குழாயை மாற்றினார்கள். நான் பூசிய சீமெந்தை உளியால் கொத்தித் துளைகளைத் திறந்தார்கள். பழைய பத்திரிகைகள் கறுத்த களியாக வெளியே விழுந்தன. மனைவி யன்னலால் பார்த்துவிட்டு, ஓட்டையை ஏன் திறக்கிறார்கள் என்று கேட்டாள். மருந்து அடிப்பதற்கு என்றேன். முடிந்த பிறகும் ஏன் மூடவில்லை என்று கேட்டாள். மருந்து மணம் போகட்டுமாம் என்றேன். முதல் பொய்யைத் தாங்க அடுத்தடுத்து முட்டுக் கொடுத்தேன்.

அதன் பிறகு அவள் வீடு கழுவவில்லை. முழங்கால் சரியாக வளையாது, என்றாலும் குனிந்து, துணியை முறுக்கிப் பிழிந்து, ஈரம் தெரியாத அளவுக்குத் துடைப்பாள். துடைத்த கையோடு காய்ந்த துணியால் இன்னொரு தடவை துடைப்பாள். பழைய சேலையை எடுத்து வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது, கழுவாத வீட்டில் வைப்பது போலத்தான் இருக்கிறது என்று ஒருநாள் சொன்னாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

அதோடு நின்றிருந்தால் ஒருவேளை நான் இன்று இதை எழுதியிருக்கமாட்டேன். அவள் எல்லோருக்கும் சொன்னாள். கோயிலில் புதிதாக வீடு வாங்கிய பெண்களைக் கண்டால், சேலைக் கடையில் நின்றாலும், இந்த நாட்டில் நிலத்துக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள், நான் ஊற்றித்தான் என் வீட்டை அழித்தேன் என்பாள். ஒளிக்காமல், தன்மேல் வைத்தே சொல்வாள். பகிடிக்காரர் புதுப் பகிடி கண்டுபிடித்தார். அக்கா தெம்ஸ் நதியைத் திருப்பி வீட்டுக்குள் விட்டவர் என்று. அவள் சிரித்தாள். மற்றப் பெண்கள் பயந்து தங்கள் வீட்டில் கழுவுவதை நிறுத்தினார்கள். காற்றுச் செங்கல்லை யாராவது அடைத்திருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. அதை அவர்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நானே என்னைக் கேட்டிருக்கிறேன். முதல் மாதங்களில் வெட்கம். பிறகு, இவ்வளவு நாள் கழித்து எப்படி என்ற தயக்கம். பிறகு அது பழகிப்போனது. இப்போது நினைத்தால் கடைசியில் சொன்னதுதான் மோசமான காரணம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மகள் கலியாணம் முடித்து வெம்பிளியில் குடியிருந்தாள். எங்களையும் பக்கத்தில் வரச் சொன்னாள். மனோர் பார்க் வீட்டை விற்க வைத்தோம். பார்க்க வந்தவர்களில் ஓர் இளம் தம்பதி, அவர்களும் எங்கள் ஊர்ப் பக்கம். பெண் வீட்டுக்குள் மனைவியோடு நின்றாள். நான் அந்தப் பெடியனைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் செங்கல் துளைகளைக் காட்டி, இதை ஒருநாளும் அடைக்கவேண்டாம், அடைத்தால் நிலம் உழுத்துப் போகும் என்றேன்.

"ஆர் அங்கிள் அடைச்சது?" என்று கேட்டான். உளி கொத்திய அடையாளம் இன்னும் தெரிந்தது.

"எங்களுக்கு முந்தி இருந்தவை," என்றேன்.

அந்த வயதிலும் வாயில் அதுதான் வந்தது. திரும்பி உள்ளே வந்தால், மனைவி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைக் காட்டுகிறாள்.

"பிள்ளை, நான் விட்ட பிழையை நீர் விட்டிடாதையும். கழுவிக் கழுவி இந்த நிலத்தை நான்தான் அழிச்சனான். இவர் பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டுத் திருத்தினவர். ஒருநாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை."

அந்தக் கடைசி வசனத்தை நான் வாசலில் நின்று கேட்டேன். அது உண்மைதான். ஒரு சொல்லும் சொன்னதில்லை.

அவர்கள் போன பிறகு அவள் கேத்தலைப் போட்டாள். நான் குசினிக் கதிரையில் இருந்தபடி சொன்னேன். வெள்ளைக்காரன் சொன்னதை, அவன் சொன்ன வரிசையிலேயே, முட்டாள் என்ற சொல்லையும் விடாமல், அப்படியே மொழிபெயர்த்தேன். இடையில் நிறுத்தினால் தொடரமாட்டேன் என்று தெரிந்தது. கேத்தல் கொதித்து நின்றது. அவள் தேநீர் போடவில்லை.

"மழைத்தண்ணிக் குழாயைத்தான் சொன்னவனோ?"

"ஓம்."

"ஓட்டையை அடைச்சது பிழை எண்டவனோ?"

"ஓம்."

"நான் அண்டைக்கே கேட்டனான், கட்டினவன் ஏன் ஓட்டை விட்டவன் எண்டு."

"ஓம். கேட்டனீர்."

அவள் அழவில்லை. அடுப்படியைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவளுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. பிறகு துணியைத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அப்ப நான் ஏன் இவ்வளவு காலம் வீடு கழுவேல்லை?"

நான் எதிர்பார்த்த கேள்விகள் வேறு. பகிடி பண்ணியதைப்பற்றி, பொய் சொன்னதைப்பற்றிக் கேட்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் இழந்தது வெள்ளிக்கிழமைகளை. எத்தனை வெள்ளி என்று கணக்குப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"எனக்குச் சொன்னது காணாது," என்றாள் கடைசியில். "நான் ஆர் ஆருக்குச் சொன்னனோ, அவைக்கு நீங்கள் போய்ச் சொல்லுங்கோ."

அது லேசான வேலையாக இருக்கவில்லை. பலர் வீடு மாறிவிட்டார்கள், சிலர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். அந்த இளம் தம்பதி அளவு எடுக்க மறுபடி வந்தபோது வாசலிலேயே சொன்னேன், அடைத்தது முந்தி இருந்தவர்கள் இல்லை, நான்தான் என்று. பெடியன் பரவாயில்லை அங்கிள் என்று சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை. என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, அன்ரி எங்கே என்று கேட்டாள். கோயிலில் இரண்டு பேரிடம் சொன்னேன். அவர்கள் வேறெதையோ எதிர்பார்த்தவர்கள் போல, இவ்வளவுதானா மாஸ்டர் என்றார்கள்.

வெம்பிளியில் எங்களுக்குக் கிடைத்தது நிலத்தோடு அமைந்த பிளாட். அடியில் கொங்கிறீற். வந்த முதல் வெள்ளிக்கிழமை அவள் அந்தப் பழைய சேலையைத் தேடி எடுத்தாள். முழங்கால் விடவில்லை. வாளியைத் தூக்க முடியவில்லை. நான் தூக்கினேன், நான்தான் தும்புத்தடியையும் பிடித்தேன். அவள் கதிரையில் இருந்துகொண்டு, மூலையை விட்டுவிட்டீர்கள், தண்ணீரைக் கதவுப் பக்கம் தள்ளுங்கள், பக்கத்து வீட்டுப் பக்கம் இல்லை என்று சொன்னாள். நல்லாய்க் கழுவுவது ஒரு வேலை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அது கடைசிவரை கைவரவில்லை. நிலம் காய்ந்த பிறகு அவள் விளக்கேற்றினாள்.

பகிடிக்காரருக்குச் சொல்வதை நான் பின்போட்டுக்கொண்டே வந்தேன். அவர் மகனோடு ரொறன்ரோவில் இருந்தார். மனைவி ஒவ்வொரு கிழமையும் கேட்டாள், சொன்னீர்களா என்று. ஒரு சனிக்கிழமை பகல் அவள் பக்கத்தில் இருக்கும்போதே டெலிபோன் எடுத்தேன். அவர் குரல் நன்றாகத் தளர்ந்திருந்தது. முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு நீண்ட நேரம் இருமினார். பகிடி ஒன்று வரும் என்று காத்திருந்தேன்.

"மாஸ்டர், உந்தக் கதையெல்லாம் இப்ப ஆர் நினைவு வச்சிருக்கினம்?" என்றார்.

ரிசீவரை வைத்தேன். அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னவர்?"

மாற்றிச் சொல்லலாம் என்று ஒரு கணம் வாய் போனது. அவர் வெட்கப்பட்டார், அக்காவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார் என்று. அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒருத்தருக்கும் இப்ப நினைவில்லையாம்," என்றேன்.

அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"எனக்கு நினைவிருக்கு," என்றாள்.

அவள் போய்ச் சில வருடங்களாகிவிட்டன. வெள்ளிக்கிழமைகளில் நிலத்தைக் கழுவுகிறேன். மூலைகள் இப்போதும் விடுபடுகின்றன.